மஞ்சள் டேங்க்

இடது கை நடுத்தூணை விட்டு வரக்கூடாது, அவ்வளவுதான், மற்றதைக் கால் பார்த்துக்கொள்ளும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு பூங்கோதை அண்ணா நகர் டவரின் சரிவுப் பாதையில் முதல் அடியை வைத்தாள். முன்னால் போய்க்கொண்டிருந்த எழிலின் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடி தொடங்கியது. திரும்பிப் பார்க்கிறாள். பார்க்கட்டும். கை பிடிக்க வந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், கோபமில்லாமல் சொல்ல வேண்டும், கூடப் பிறந்தவளிடம் எதைத்தான் கோபமில்லாமல் சொல்ல முடிந்திருக்கிறது இத்தனை வருஷத்தில். கீழே பூங்காவில் ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளின் சக்கரங்கள் சிமெண்டை அராவிக்கொண்டிருந்தன, யாரோ வறுகடலைக்கு எலுமிச்சை பிழிகிற வாசனை வந்தது, குளத்துப் பக்கமிருந்து பாசி வாடை. நேற்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து வந்திறங்கிய எழில், சாப்பிட்ட கை காய்வதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள். அக்கா இனிமேல் தனியாக இருக்க முடியாது, இருக்க விடவும் மாட்டாள். வடவள்ளியில் தன் வீட்டுக் கீழ்ரூமைத் தயார் பண்ணியாயிற்று, பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட அடித்தாயிற்று. கோதை முடியாது என்றாள். எழில் அழுதாள். கோதை அப்போதும் முடியாது என்றாள். அப்புறம்தான் எழில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய ஞாபகத்தில் போல, பந்தயம் என்று ஆரம்பித்தாள். “டவர் மேல ஏறி நம்ம வீட்டை நீயே கண்டுபிடிச்சு எனக்குக் காட்டு. காட்டிட்டேன்னா நான் வாயை மூடிக்கிட்டு ரயில் ஏறிடறேன். காட்டலேன்னா பெட்டியைக் கட்டு, என்னோட வா.” கோதை சரி என்றாள். யோசிக்காமல் சொன்னாள் என்று எழில் நினைத்திருப்பாள். யோசிக்காமல் சொல்வாளா. பஸ்ஸில் ஜன்னல் சீட் யாருக்கு, ஃபேனுக்கு நேர் கீழே படுப்பது யார், கடைசி அப்பளம் யாருக்கு, எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் பந்தயம்தான், பந்தயத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். தோற்றவள் சொன்னபடி செய்ய வேண்டும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது. இரண்டு பேரில் ஒருத்திகூட அதை ஒருமுறைகூட மீறியதில்லை.

அதனால் இன்று தோற்றால் போக வேண்டும். இவ்வளவு சின்ன விஷயமா அது. ஒரு போர்வையை மடிப்பதுபோல ஒரு வாழ்க்கையை மடித்து வைப்பது. காலையில் எழில் குளித்துவிட்டு வந்து கணவனுக்கு போன் பண்ணினாள், சமையல்கட்டில் நின்று காப்பி கலந்துகொண்டிருந்த கோதைக்குக் காது நன்றாகவே கேட்டது, கண் போகப் போகக் காது கூர்மையாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, முன்பு கவனிக்காததை இப்போது கவனிக்கிறாள், அவ்வளவுதான். ரெண்டு லோயர் பெர்த்தும் கன்ஃபர்ம் ஆயிடுச்சுங்க என்றாள் எழில். ரெண்டு. பந்தயம் நடப்பதற்கு முன்பே டிக்கெட் போட்டிருக்கிறாள். சிரிப்பு வந்தது, சிரிப்பின் அடியில் வேறொன்றும் வந்தது. டிகாஷனை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டு எழில் பார்ப்பதற்குள் துடைத்தாள். இப்போது கைக்கடியில் தூண் குளிர்ச்சியாக இருந்தது, புதிதாக அடித்த பெயிண்ட், விரலுக்கு வழவழவென்று ஓடியது. முன்பெல்லாம் இந்தத் தூண் முழுக்க இதயம் போட்டு அம்பு விட்டுப் பெயர் கிறுக்கியிருப்பார்கள், விரல் வைத்தால் பிரெய்ல் படிப்பதுபோல இருந்திருக்கும் இன்றைக்கு. சே, பிரெய்ல் வரை போகாதே. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. டாக்டர் காலம் இருக்கிறது என்றுதான் சொன்னார், எவ்வளவு என்று சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

க்ளாக்கோமா என்பது ஓரத்திலிருந்து தின்னும் வியாதி. தோசையை ஓரத்திலிருந்து பிய்த்துத் தின்னும் பிள்ளையைப்போல, நடுவைக் கடைசியில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் அவளுக்கே வெகுநாள் அது வந்திருப்பது புரியவில்லை. மெல்பர்னில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவள். அது ஏற்கெனவே ஒரு குழாய்தான், குழாய்க்குள் வட்டம், வட்டத்துக்குள் இளஞ்சிவப்பாய் அணுக்கள், அந்த வட்டம் என்றைக்கும் பளிச்சென்றுதான் இருந்தது. வட்டத்துக்கு வெளியே உலகம் குறைந்துகொண்டு வந்தது. பக்கத்து மேஜையில் வேலை பார்த்த டோரத்தி ஒரு வாரமாகத் தனக்குக் கையசைக்கவில்லை, என்ன கோபமோ என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். டோரத்தியோ தினமும் கையசைத்து, பதில் வராமல், இந்த இந்தியாக்காரிக்கு என்ன கோபமோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒருத்தரையொருத்தர் கேட்டபோதுதான் வெளியே வந்தது. டோரத்திதான் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். எழில் அதைக் கேட்டுவிட்டு, வெள்ளைக்காரிக்கு இருக்கிற அக்கறை கூடப் பிறந்தவளுக்கு இருக்காதா என்றாள். இருக்கிறது. அதுதான் பிரச்சினையே.

காற்று. முகத்தில் நேராக வந்து மோதியது, நெற்றி மயிரைப் பின்னால் தள்ளியது, உதட்டில் லேசாகப் பிசுபிசுத்தது. கடல்காற்று. மத்தியானம் கிளம்பி மெரினாவைத் தாண்டி, சேப்பாக்கம், எழும்பூர், கீழ்ப்பாக்கமெல்லாம் நுழைந்து புறப்பட்டு இந்நேரத்துக்கு இங்கே வந்து சேரும் காற்று, சாயங்காலத்தில் சென்னையில் யாரை நிற்க வைத்துக் கேட்டாலும் கிழக்கு எது என்று கன்னத்தாலேயே சொல்லிவிடுவார்கள். இப்போது முகத்துக்கு நேரே என்றால் கிழக்கைப் பார்த்து நடக்கிறாள். பாதை வளைந்தது, காற்று வலது கன்னத்துக்கு நகர்ந்தது, அப்படியென்றால் வடக்கு. இன்னும் வளைந்தது, முதுகுக்குப் போயிற்று, பிறகு தூண் மறைத்துக் காற்றே இல்லாமல் வெக்கையாக ஒரு துண்டு, அந்த இடத்தில் வெயில் கண்ணைக் குத்தியது, மேற்கு. மறுபடி முகத்துக்கு நேரே. எத்தனை சுற்று என்று எண்ண ஆரம்பித்து இரண்டாவதிலேயே விட்டுவிட்டாள், எண்ணிக்கை எதற்கு, காற்று போதும். மேலே ஏறும் ஜோடி ஒன்று எக்ஸ்க்யூஸ்மீ ஆன்ட்டி என்று உரசிக்கொண்டு போனது, அந்தப் பெண்ணின் பூ வாசனை மட்டும் ஒரு வளைவு வரை கூட வந்தது. மேலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிய ஒருத்தர் மூச்சிரைக்க இறங்கி வந்தார், ஏறுங்க ஏறுங்க, மேல காத்து அள்ளுது என்று சொல்லிவிட்டுப் போனார். எழில் அவரிடம் இன்னும் எவ்வளவு தூரங்க என்று கேட்டாள். அந்த ‘ங்க’ கோயம்புத்தூர் தண்ணி. அண்ணா நகரில் பிறந்து வளர்ந்தவள் இப்போது அசந்தால் போகோணும், வரோணும் என்கிறாள், சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஊர் ஒருத்தியை எப்படி மாற்றிவிடுகிறது, அவளுக்கே தெரியாமல், ஓரத்திலிருந்து.

நான் மட்டும் என்ன. மெல்பர்னில் இருந்து வந்த புதிதில் ரோட்டைக் கடக்க நின்றபோது வண்டிகள் நிற்கும் என்று நினைத்து நின்றேன், அரைமணி நேரம். கோதைக்கு அது இப்போதும் சிரிப்பாக இருந்தது. திரும்பி வந்ததிலிருந்து அவள் ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஊரைக் காலில் ஏற்றிக்கொள்வது. கண்ணில் நடு வட்டம் மிச்சமிருக்கும்போதே ஊரைக் காலுக்கும் கைக்கும் மூக்குக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவது. தினமும் ஓர் இடம். எழும்பூர் மியூசியத்தில் படியேறும் இடத்தில் கல் தேய்ந்து குழிந்திருக்கும், அந்தக் குழியில் கால் அமர்ந்தால் சரியான வழி. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே பஸ்ஸை விட்டு இறங்கினால் மீன் வாசனை இடது பக்கம். வள்ளுவர் கோட்டத்தில் தேரின் சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள், காவல்காரர் தொடாதீங்கம்மா என்றார், தொடாமல் எப்படி என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வந்தாள். கிண்டியில் மான்கள், கோயம்பேட்டில் பூ இறக்கும் இடத்தில் காலுக்கடியில் ஈரச் சாக்கு, மெட்ரோவில் எந்தக் கதவில் ஏறினால் இறங்கும் இடத்தில் எஸ்கலேட்டர் நேரே வரும் என்பது. எழில் போனில் கேட்டுவிட்டு டூரிஸ்ட் மாதிரி சுத்தறியே அக்கா, மாமல்லபுரமும் ஒரு எட்டுப் போயிட்டு வாயேன் என்று கிண்டல் பண்ணினாள். போனாள். கற்பாறையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த டவரை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள். எல்லா இடத்தையும் சேர்த்து மேலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும், பார்த்துவிட்டால் தைத்து முடித்ததுபோல. ஏதோ பொருட்காட்சிக்காக என்றோ கட்டியது, பொருட்காட்சி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது, டவர் மட்டும் நின்றுவிட்டது, ஊர் வந்து அதைச் சுற்றி உட்கார்ந்தது. அவள் வெளிநாட்டில் இருந்த காலத்தில் பல வருஷம் பூட்டிக் கிடந்ததாம், மேலே போனவர்களில் சிலர் இறங்கி வராமல் போனதால். இப்போது கம்பிவலை போட்டுத் திறந்திருக்கிறார்கள். வலை. அதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் எல்லாவற்றையும் யோசித்தவள் அதை யோசிக்கவில்லை.

காலையில் எழில் தூங்கிக்கொண்டிருந்தபோது மொட்டைமாடிக்கு ஏறி, அந்த வீட்டிலேயே பெரிய போர்வையை, ரத்தச் சிவப்பு, டவரைப் பார்த்த கைப்பிடிச் சுவரின் மேல் விரித்துப் போட்டு, காற்றுக்கு இருக்கட்டுமென்று வரிசையாக கிளிப் மாட்டிவிட்டு வந்தாள். இது ஏமாற்றா. இல்லை என்று மாடிப்படி இறங்கும்போதே முடிவு பண்ணியாயிற்று. ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றுவதில்லையா. சாயம் ஏற்றாவிட்டால் எந்த அணுவும் கண்ணுக்குப் படாது, மலேரியாக் கிருமி கூடத் தண்ணீரோடு தண்ணீராகத்தான் இருக்கும், சாயம் ஏற்றினால்தான் ஊதாவாய் மோதிரம்போல எழுந்து நிற்கும். வீட்டுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறாள், தேட வேண்டியது அவள்தானே. ஆனால் மனசு சும்மா இருக்கிறதா, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது, ஏமாற்று, ஏமாற்று, இந்தப் பாதையைப்போல. ஒரு சுற்று வந்தால் அதே இடம், கொஞ்சம் உயரத்தில். அதே மரம், முன்பு அடிமரம், இப்போது கிளை, இனி உச்சி. குழாய்க்குள் ஓர் இலை வந்து நின்றது, நரம்பு நரம்பாக, அவ்வளவு துல்லியமாக, மரத்தைக் காணவில்லை. இதுதான் இந்த வியாதியின் தமாஷ். இலையைக் காட்டி மரத்தை எடுத்துக்கொள்ளும். வடவள்ளியில் எழிலின் வீட்டில் எழிலின் முகம் தெளிவாக இருக்கும், அந்த முகம் கோதையைப் பார்க்கிற பார்வையும் தெளிவாக இருக்கும். எழிலின் பிள்ளைகள் இருப்பார்கள், பெரியம்மா உட்காருங்க. பெரியம்மா நீங்க எதுக்கு எழுந்து வந்தீங்க. சிறுவாணித் தண்ணீர், மலைக்காற்று, கம்பி அடித்த பாத்ரூம், நாற்காலி. எல்லாம் அன்புதான். அந்த அன்பில் இவளுக்குச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. இது குடும்ப வழியில் வரும், கூடப் பிறந்தவர்களும் கண்ணைக் காட்டிவிடுவது நல்லது என்றார் டாக்டர், எழிலிடம் மூன்று முறை சொல்லியாயிற்று, எனக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றிவிடுகிறாள். பயம். அவளுக்கு அவளுடைய பயம். தன் பயத்தைக் கண்ணெதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொண்டால் தைரியமாக இருக்குமென்று நினைக்கிறாளோ என்னவோ.

தரை சமமாயிற்று. கால்தான் முதலில் சொன்னது, சரிவு முடிந்துவிட்டது, இனி சுற்ற இடமில்லை. காற்று நிஜமாகவே அள்ளியது, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். எங்கே வந்து நிற்கிறோம் என்று முகத்தை மெதுவாகத் திருப்பி, காற்று வலது கன்னத்தில் வந்து உட்காரும் வரை திருப்பி, நின்றாள். வடக்கு. வில்லிவாக்கம் பக்கம். வீடு இந்தப் பக்கம்தான். கண்ணைத் திறந்தாள், திறந்தேதான் இருந்தது, ஆனாலும் திறந்தாள். முதலில் வலை வந்தது. சதுரம் சதுரமாக, வெள்ளியாய், கண் அதில் போய் மாட்டிக்கொண்டது, தூரத்துக்குப் போகச் சொன்னால் போகாமல் பக்கத்துக் கம்பியிலேயே நின்றது, சேலை முள்ளில் மாட்டினாற்போல. ஒரு சதுரத்தோடு கண்ணை ஒட்டினாள், மூக்கில் இரும்பு வாசனை. அப்புறம் ஊர் வந்தது. வட்டத்துக்குள் ஒரு மொட்டைமாடி, துணி காய்கிறது, நீலம். அடுத்த மாடி, கறுப்பு டேங்க். அடுத்தது, தென்னை மட்டை. பதற்றப்படாதே. ஸ்லைடு பார்க்கிற மாதிரி பார். அதற்கு ஒரு முறை இருக்கிறது, உழவு ஓட்டுகிற மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு சால், பிறகு ஒரு சால் கீழே இறங்கித் திரும்பி, எதையும் விடாமல், எதையும் இரண்டு தடவை பார்க்காமல். மைக்ராஸ்கோப்பில் திருகு இருந்தது, திருகினால் ஒரே சீராக நகரும். கழுத்தில் திருகு இல்லை. ஒரு சால் போய்த் திரும்புவதற்குள் எந்த வரிசையில் விட்டோம் என்பது நழுவியது, காற்று தலையை ஆட்டியது, வலை நடுவில் நடுவில் வந்து கண்ணைப் பிடித்தது, வெயிலில் ஒரு புகை மூட்டம் எல்லா நிறத்தையும் சாம்பலாக்கிக்கொண்டிருந்தது. சிவப்பு, சிவப்பு எங்கே. ஒரு செல்போன் கோபுரத்தின் சிவப்பு வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. ஒரு கடைப் பலகை. மறுபடி முதல் சால். இதோ இங்கேதான் இருக்கிறது, இந்த விரலுக்கு நேரே, இவ்வளவு சிவப்பாக அடித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தாண்டித் தாண்டிப் போகிறேன், டோரத்தியின் கையைப்போல.

எழில் சும்மா இருக்கவில்லை. பின்னால் நடந்துகொண்டிருந்தாள், ஏய் அங்க பாரு ஏரோப்ளேன் எவ்வளவு தாழ்வா போகுது, பரங்கிமலை அது, கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு எவ்வளவு சின்னதா இருக்கு, அய்யப்பன் கோயில் எங்க காணோம் என்று குழந்தையாகிவிட்டாள். கல்லூரி நாட்களில் இங்கே வந்தால் அவள்தான் முதலில் வீட்டைக் கண்டுபிடிப்பாள். அப்போதுதான் அப்பா மாடியில் மஞ்சள் டேங்க் வைத்திருந்தார், எல்லோரும் கறுப்பு வைக்கும்போது நமக்கு மட்டும் எதற்கு மஞ்சள் என்று அம்மா கேட்க, தூரத்திலிருந்து பார்த்தால் அடையாளம் இருக்கும் என்றாராம். திடீரென்று எழிலின் கை வந்து கோதையின் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பியது. அவள் குரலில் பந்தயம் மறந்துபோயிருந்தது, இரண்டு லோயர் பெர்த் மறந்துபோயிருந்தது, ரிப்பன் வைத்த எழில்தான் பேசினாள். “அக்கா, அதோ மஞ்சள் டேங்க்! நம்ம வீடு. அப்படியே இருக்குடி. பாத்தியா?”

காற்று முதுகில் இருந்தது, இடது பக்கமாகச் சற்றே சாய்ந்து. அப்படியென்றால் எழில் திருப்பியிருப்பது மேற்கே. திருமங்கலம் பக்கம். சுற்றிச் சுற்றி ஏறி வந்ததில் அவளுக்குத் திசை கழன்றுவிட்டது, வீட்டுக்கு நேரே நிற்பதாக நினைத்துக்கொண்டு தப்பான பக்கத்தில் நிற்கிறாள், கண் இருப்பவள் கண்ணுக்குப் பட்ட மஞ்சளை நம்புகிறாள். அதோடு, அந்த வீட்டில் மஞ்சள் டேங்க் இப்போது இல்லை. போன மாதம் அடியில் விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்து, கோதைதான் பிளம்பரை வரவழைத்து, கூட நின்று, பழையதை இறக்கி, கறுப்பு டேங்க் ஏற்றினாள். தனியாகத்தான் செய்தாள். போனில் சொல்ல நினைத்து, சொன்னால் நீ எதுக்கு மாடிக்கெல்லாம் ஏறறே என்று ஆரம்பிப்பாளே என்று சொல்லாமல் விட்டாள். எழில் வந்ததிலிருந்து மாடிப்பக்கம் போகவேயில்லை. ஆமாம் என்று சொல். ஒரே ஒரு ஆமாம். பாத்துட்டேன்டி, அதேதான், டேங்குக்குப் பக்கத்துல கொடிகூட இருக்கு பாரு. ஜெயித்தாயிற்று. நான்தானே காட்டினேன் என்று எழில் சட்டம் பேசுவாளா, மாட்டாள், இந்தச் சந்தோஷத்தில் மாட்டாள், அக்காவுக்கு அவ்வளவு தூரம் கண் இருக்கிறதே என்று அழுதுகூட விடுவாள், ரயிலேறிவிடுவாள். அப்புறம். அப்புறம் ஒவ்வொரு போனிலும் கண் இருப்பதாகப் பேச வேண்டும். அவள் வரும்போதெல்லாம் டம்ளருக்குப் பக்கத்தில் கொட்டியதைத் துடைத்துவைக்க வேண்டும். யாரோ ஒருத்தருடைய மஞ்சள் டேங்கை என் வீடென்று வைத்துக்கொண்டு நான் எந்த வீட்டில் இருப்பேன். பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதே. இரண்டாவது, தேடிக் கிடைக்கவில்லையென்றால் காணப்படவில்லை என்று எழுது, இல்லை என்று எழுதாதே. உன் கண்ணுக்கு அகப்படாதது அந்த ரத்தத்தில் இல்லை என்று சொல்ல நீ யார். பதினெட்டு வருஷம் அதை எழுதி எழுதி அதற்கு ஒரு அர்த்தம் இருப்பதே மறந்துபோயிருந்தது. காணப்படவில்லை. இருக்கிறது, காணப்படவில்லை. காற்று முதுகில் கை வைத்துத் தள்ளினாற்போல் இருந்தது.

“அது நம்ம வீடு இல்ல எழில்” என்றாள். எழில் சிரித்தாள், என்னக்கா சொல்றே, மஞ்சள் டேங்க், எனக்குத் தெரியாதா என்றாள். டேங்க் மாற்றியதை கோதை சொன்னாள், விரிசல் விட்டதை, பிளம்பரை, எல்லாவற்றையும். எழிலின் கை தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. கோதை காற்று வலது கன்னத்துக்கு வரும் வரை நடந்து, பழைய இடத்துக்கே போய், வலைக்கு நேராக நின்று, கையைச் சதுரத்தின் மேல் வைத்து நீட்டினாள்.

“நம்ம வீடு இந்தப் பக்கம். ரொம்ப நேரமா தேடிட்டேன். என் கண்ணுல படல. படாது. பந்தயத்துல நான் தோத்துட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆனா வரமாட்டேன்.”

பக்கத்தில் அந்தப் பூ வாசனை ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது, இன்னொண்ணு, இன்னொண்ணு என்றான் பையன். கோதை கையை இறக்கவில்லை. தோத்தா சொன்னபடி செய்யணும், அதான சட்டம் என்று கடைசியில் எழில் சொன்னாள், சண்டைக் குரலில் இல்லை, ஞாபகப்படுத்துகிற குரலில். ஆமாம், நாற்பத்தெட்டு வயசுல முதல் தடவையா மீறறேன் என்றாள் கோதை, மூஞ்சியத் தூக்கிக்கலையே, பாரு. எழில் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா, சளியா, அந்தக் காற்றில் சொல்ல முடியவில்லை. பிறகு அவள் பின்னால் வந்து நின்றாள், தாடையை அக்காவின் தோளில் வைத்தாள், நீட்டிய கையின் நீளத்துக்குக் கண்ணை ஓட்டினாள், துப்பாக்கிக்குக் குறி பார்ப்பதுபோல. அவள் மூச்சு காதில் சூடாக விழுந்தது. வெள்ளையா ஒரு மண்டபம் இருக்கு என்றாள். அதைத் தாண்டு என்றாள் கோதை. ஒரு வேப்பமரம். அதுக்கு வலது பக்கம். ஒரு கறுப்பு டேங்க், பக்கத்துல இன்னொரு கறுப்பு டேங்க், எல்லாம் ஒரே மாதிரி இருக்கேக்கா, எதைன்னு சொல்ல. இன்னும் கொஞ்சம் தள்ளி. எழில் மூச்சை நிறுத்தினாள்.

“செவப்பா ஒண்ணு ஆடுது.”

“அதான்.”

என்னது அது என்று எழில் கேட்க, போர்வை, காலையில நீ குறட்டை விட்டுக்கிட்டு இருந்தப்ப கிளிப் மாட்டிப் போட்டேன் என்றாள் கோதை. கள்ளி என்றாள் எழில், தோளில் தாடை அசைந்தது, சிரிக்கிறாள். அப்புறம் வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்தக் கையின் வழியாக, கை வலித்தும் கோதை இறக்காமல் நின்றாள். “ஒரு கிளிப் கழண்டிருச்சுக்கா” என்றாள் எழில், “ஒரு மூலை மட்டும் பறக்குது.” கோதைக்கு இப்போது அது இருந்தது, கைப்பிடிச் சுவரில் மூன்று மூலை அமர்ந்திருக்க ஒரு மூலை எழுந்து எழுந்து விழும் போர்வை, தங்கையின் வாயிலிருந்து வந்து அங்கே விரிந்தது. இறங்கி வீட்டுக்குப் போவதற்குள் அது பறந்து கீழ்வீட்டுக்காரர்கள் போட்டிருக்கும் வடாம் மேல் விழுந்து தொலைக்கும் என்றாள், சீக்கிரம் நட. எழில் நகரவில்லை. ஒரு டிக்கெட்டை கேன்சல் பண்ணணும் என்று முணுமுணுத்தாள், அவருக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அந்த டிக்கெட்டை அப்படியே வச்சுக்க, நாளைக்கு உன்னைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு, டாக்டர் சொல்றதைக் கேட்டப்புறம் எந்த டிக்கெட்டைக் கேன்சல் பண்றதுன்னு பார்ப்போம் என்றாள் கோதை. எழில் பேச்சை மாற்றப் பார்த்தாள். கோதை மாற்ற விடவில்லை, எந்த ஆஸ்பத்திரி, எந்த மெட்ரோவில் ஏறுவது, எந்தக் கதவு, இறங்கி எத்தனை கடை தாண்டினால் வாசல் என்று சொல்லிக்கொண்டே சரிவுப் பாதையின் மேல் முனைக்கு வந்தாள்.

இறங்கும்போது தூண் வலது கைக்கு வரும். வலது உள்ளங்கையை அதன் மேல் பதித்துக்கொண்டாள், வெயில் பட்டு அந்தப் பக்கம் சூடாக இருந்தது. காலை நீட்டிச் சரிவு தொடங்கும் இடத்தைத் தொட்டாள், இருந்தது. இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதை எழில் வந்து பிடித்துக்கொண்டாள். கோதை விடுவித்துக்கொள்ளவில்லை, முதல் வளைவில் திரும்பினாள், காற்று முகத்துக்கு வந்தது.